காஜா பெராங்கில் தலைவரின் கோழிகள்

“பண்ணை நன்றாக நடக்கிறது. நானூறு கோழிகள். வீடும் தயார். குழந்தையை எடுத்துக்கொண்டு புறப்பட்டு வா” என்று மலாக்காவிலிருந்து என் கணவர் எழுதியிருந்தார்.

மாயவரத்தில் என் மாமனார் அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தார். நாங்கள் சைவக் குடும்பம். முட்டை என்ற சொல்லைக்கூட எங்கள் சமையலறையில் சொல்வதில்லை. ஆனால் பண்ணை தலைவருடையது ஆயிற்றே! “கோழிதானேன்னு மூஞ்சியைச் சுளிக்காதேம்மா. யாரோட கோழின்னு பாரு” என்று சொல்லி என்னை அனுப்பி வைத்தார்.

தலைவரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களுக்காக வாதாடியவர், அதற்காகச் சிறைக்கும் போனவர் என்று சொன்னால் போதும். ஒருமுறை எங்கள் ஊருக்கு வந்து பேசினார். அந்தக் கூட்டத்துக்குப் போய்வந்த என் கணவர் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, கல்யாணமான ஏழாம் மாதம் கப்பலேறினார். குழந்தைக்குப் பத்து மாதம் ஆகிவிட்டது. அப்பா முகம் தெரியாது.

கப்பலில் பட்ட பாட்டை எழுதினால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும். தம்பின் ஸ்டேஷனில் இறங்கி மலாக்கா பஸ்ஸில் ஏறியதிலிருந்து தொடங்குகிறேன். மலாக்காவுக்கு ரயில் கிடையாது. ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனவன் போனவன்தான் என்று கண்டக்டர் சொன்னார். பஸ்ஸில் குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்தது. பக்கத்து இருக்கையில் இருந்த சீனத்தி தன் கைக்குட்டையை நீட்டினாள். வாங்கலாமா, வாங்கினால் துவைத்துத் திருப்பித் தர வேண்டுமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, கைக்குட்டையை ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டாள்.

என் கணவர் பஸ் நிற்குமிடத்தில் காத்திருந்தார். மிகவும் இளைத்திருந்தார். குழந்தையை வாங்கிக்கொண்டார், அது அலறியது. உடனே என்னிடம் திருப்பித் தந்துவிட்டார்.

“பண்ணை எப்படி இருக்கு?” என்றேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

“முதல்ல சாப்பிடு” என்றார்.

ராவுத்தர் ஒருவரின் கடையில் வாழை இலையில் பொட்டலம் கட்டிய சோறு வாங்கித் தந்தார். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, நல்ல மணம். நான்கு வாய் சாப்பிட்ட பிறகுதான் சிவப்புத் துவையலுக்குள் நெத்திலி இருப்பதைப் பார்த்தேன். கடைக்காரர் பதறிப்போனார். “அடடா, சைவமா தங்கச்சி? முன்னாடியே சொல்லப்படாதா? இந்த ஊர்ல தண்ணியிலகூட மீன் வாசம் வரும்” என்று சொல்லி இரண்டு வாழைப்பழம் கொடுத்தார். விழுங்கிய நான்கு வாயைப் பற்றி மாமனாருக்கு எழுதுவதா வேண்டாமா என்ற யோசனையிலேயே மூன்று சக்கர வண்டியில் ஏறினேன். இங்கே அதற்குப் பெயர் பெச்சா.

காஜா பெராங் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் கம்போங் செட்டி என்ற குடியிருப்பைத் தாண்டியதும் தென்னையும் ரம்புத்தான் மரங்களுமாகக் கிராமம்போல் ஆகிவிடுகிறது. பண்ணை அங்கேதான். பலகை வீடு ஒன்று. பின்னால் ஓலை வேய்ந்த நான்கு நீளக் கொட்டகைகள். நான் வண்டியிலிருந்து இறங்கி நின்றேன். காற்றில் தென்னங்கீற்று அசைவது கேட்டது. தூரத்தில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. நானூறு கோழிகள் இருக்கும் இடத்தில் துணி துவைக்கும் சத்தமா கேட்கும்?

கணவரிடம் கேட்கவில்லை நான். கேட்டிருக்கலாம். பயணக் களைப்பு, குழந்தைக்கு உடம்பு சுடுகிறதோ என்ற கவலை. இப்படி ஏதாவது ஒரு காரணம் எனக்கு எப்போதும் கிடைத்துவிடும்.

மறுநாள் காலையில் வேலிக்கு அப்பாலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். நாற்பது வயதிருக்கும். மலாய்க்காரிபோல் கைலியும் சட்டையும் உடுத்தியிருந்தாள்; நெற்றியில் விபூதி, குங்குமம். பெயர் லெட்சுமி. எனக்கு உயிர் வந்தது. “வாங்கம்மா, எந்த ஊர்?” என்று ஆரம்பித்து மளமளவென்று பேசினேன். அவள் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு மலாயில் பதில் சொன்னாள். அவள் மலாக்காச் செட்டி. இந்தச் செட்டிகள் நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் வந்த நம்மவர்களாம். சாமி நம்முடையது, பெயர் நம்முடையது, பேச்சு மட்டும் மலாய். மாரியம்மனிடம் எந்தப் பாஷையில் வேண்டிக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கையில் ஒரு கூடை இருந்தது. அதில் உமி பரப்பி, முட்டைகளை அடுக்கியிருந்தாள். என் கணவர் அவசரமாக வந்து அதை வாங்கிக்கொண்டார். அவள் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

“என்ன சொல்றாங்க?”

“ஒண்ணுமில்லே.”

“சொல்லுங்க.”

அவர் கூடையைக் கீழே வைத்தார். “பெரியவர் வந்தால் முட்டையும் வரும்னு சொல்றா.”

பிறகு என்னைக் கொட்டகைகளுக்கு அழைத்துக்கொண்டு போனார். முதல் கொட்டகையில் வெள்ளைக் கோழிகள் இருந்தன. எண்ணினேன். பதினொன்று. மற்ற மூன்றிலும் பூட்டு. ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். சுண்ணாம்பு வாசனையும் காலியான முட்டைப் பெட்டிகளும்தான் இருந்தன.

“கோழிங்களுக்குக் கழிச்சல் நோய் வந்தது, பங்கஜம். ஒன்பது நாள்ல முடிஞ்சுபோச்சு. அதோ, மரவள்ளி நட்டிருக்கே, அந்த இடத்துலதான் புதைச்சோம்.”

“எப்போ?”

“நாலு மாசம் ஆச்சு.”

“நானூறு கோழின்னு எழுதினீங்களே, அது ரெண்டு மாசத்துக்கு முன்னாடிதானே?”

அவர் பூட்டைத் திரும்பவும் பூட்டினார். உள்ளே ஒன்றுமில்லாத கொட்டகைக்கு எதற்குப் பூட்டு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

புரிய வைத்தார். தலைவர் அரசியலில் எடுத்ததெல்லாம் ஜெயம். தொழிலில் எடுத்ததெல்லாம் நஷ்டம். முதலில் மிளகு. கொடியெல்லாம் பட்டுப்போனது. பிறகு பால் பண்ணை, அதன் பிறகு சோடாக் கம்பெனி. பால் பண்ணையை மூட வேண்டியிருக்கும் என்று ஒருவர் சொன்னபோது தலைவர் மூன்று நாள் சாப்பிடவில்லையாம். அதிலிருந்து தொண்டர்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. கெட்ட செய்தி எதுவும் அவர் காதுக்குப் போகக்கூடாது. சோடாக் கம்பெனியில் விற்காத சோடாவையெல்லாம் தொண்டர்களே மாலை மாலையாக வந்து குடித்துத் தீர்த்திருக்கிறார்கள்.

“நான் ஆரம்பிச்சதில்லே இது” என்றார் என் கணவர். “நான் வந்தப்போ இதுதான் நடைமுறை. தலைவர் வர்றப்போ லெட்சுமிகிட்ட முட்டை வாங்கிப் பெட்டியில வைப்பேன். இந்தப் பூட்டின கொட்டகையில அடை வெச்சிருக்கோம், ஆள் சத்தம் ஆகாதுன்னு சொல்வேன். அவர் நம்புவார்.”

“அடுத்து எப்போ வர்றார்?”

“நாளைக்கு. தனியா இல்லே. ஒரு தோட்டத்து ஜனங்களோட வர்றார்.”

ஜாசின் பக்கத்தில் ஒரு தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றுவிட்டார்களாம். சுதந்திரம் வரப்போகிறது என்றதும் வெள்ளைக்காரர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே முப்பது குடும்பங்கள் வேலையும் வீடும் இல்லாமல் நிற்கின்றன. அவர்களை இங்கே கொண்டுவந்து, கோழியும் காய்கறியுமாகக் கூட்டுப் பண்ணை நடத்த வைப்பதுதான் தலைவரின் எண்ணம். இந்தப் பண்ணை நன்றாக நடப்பதால் வந்த எண்ணம்.

நான் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டேன். பதினொரு கோழிகளும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன.

மூன்றாம் நாள் விடிந்ததும் கணவர் கூடையோடு சமையலறைக்குள் வந்தார். பன்னிரண்டு முட்டைகள்.

“ஜில்லுனு இருக்கு. போன தடவை அவர் ஒண்ணைக் கையில எடுத்துக் கன்னத்துல வெச்சுப் பார்த்தார். நல்லவேளை, வெயில்ல வெச்சிருந்தேன். இன்னிக்கு மூட்டமா இருக்கு. கொஞ்சம் வெந்நீர்ல போட்டு எடுத்துக் குடேன்.”

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். முட்டையைத் தொடமாட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார். ஆனால் கடல் தாண்டி வந்த மூன்றாம் நாள், அவர் முதல்முதலாக என்னிடம் கேட்ட உதவி அதுதான். அடுப்பை மூட்டினேன்.

எத்தனை சூடு என்று தெரியவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்துக்கு விளாவி, கண்ணை ஏறக்குறைய மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போட்டேன். பிறகு, அவர்கள் வருவதற்குள் ஆறிவிட்டால் என்ன செய்வது என்று பயம் வந்தது. இரண்டு குவளை கொதிநீரை ஊற்றினேன். அதுவும் போதுமோ போதாதோ என்று இன்னும் ஒரு குவளை. மேலே தட்டைப் போட்டு மூடிவிட்டு, அழுத குழந்தையைத் தூக்கப் போனேன். திரும்பி வர நேரமாகிவிட்டது. எடுத்துத் துடைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

தலைவர் பழைய கார் ஒன்றில் வந்தார். மேடையில் பார்த்ததைவிடக் குட்டையாக இருந்தார். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கக் காம்பில் நூல் சுற்றியிருந்தது. பின்னால் நான்கைந்து தொண்டர்கள்; அவர்களுக்கும் பின்னால் தோட்டத்து ஆண்கள் இருவரும் அஞ்சலை என்ற பெண்ணும். அஞ்சலைக்கு என் வயதுதான் இருக்கும். ரப்பர்ப் பால் வெட்டும் கை, விரல் இடுக்குகளில் கறை.

தலைவர் குழந்தையின் மோவாயைத் தொட்டார். “நீ கொடுத்து வெச்சவம்மா. சுதந்திரக் கொடி ஏறுற வருஷத்துல வந்து சேர்ந்திருக்கே” என்றார். பிறகு அஞ்சலையைப் பார்த்து, “நாளைக்கு இந்த நாடு சுதந்திர நாடு. அன்னைக்கும் நம்ம ஆளு கையில வாளியும் உளியும்தானா இருக்கணும்? சொந்தக் கால்ல நிக்க வேண்டாமா?” என்று கேட்டார். அவர் கேட்டால் இல்லையென்று சொல்ல முடியாது. எனக்கே கண்ணில் நீர் வந்தது. இப்போது நினைத்தாலும் அந்தக் குரலில் பொய் இல்லை.

முதல் கொட்டகையில் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்தார். கன்னத்தில் வைத்தார். “ஆகா, இப்பத்தான் இட்டிருக்கு!” என்று குழந்தைபோல் சிரித்தார். நான் என் கணவரைப் பார்க்கவில்லை.

பூட்டிய கொட்டகைகள் வந்ததும் அவர் உதட்டில் விரலை வைத்தார். “அடை வெச்சிருக்காங்க. சத்தம் போடாதீங்க” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நுனிக்காலால் நடந்தார். அத்தனை பேரும் அவர் பின்னால் நுனிக்காலால் நடந்தார்கள். மூன்று காலிக் கொட்டகைகளின் ஓரமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு. நானும்தான்.

சிறையில் உடம்பு கெட்டதிலிருந்து தலைவருக்குப் பாலில் பச்சை முட்டை அடித்துக் குடிக்கும் வழக்கம் உண்டாம். “நம்ம கோழி முட்டையிலேயே குடிப்போம்” என்று கையிலிருந்ததை நீட்டினார். நான் தயங்கினேன். என் சைவம் தெரிந்ததோ என்னவோ, “குடுங்கக்கா, நான் அடிக்கிறேன்” என்று அஞ்சலை வாங்கிக்கொண்டு என்னோடு சமையலறைக்கு வந்தாள்.

முதலில் முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “வெள்ளக்கோழி, முட்டையும் வெள்ளையால்ல போடும்? இது செவப்பா இருக்கு” என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. நான் பாலை ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் தம்ளர் விளிம்பில் முட்டையைத் தட்டினாள். ஓடு பிளந்தது. தண்ணீர்போல் விழவேண்டியது, தயிர்போல் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து விழுந்தது. பாதி வெந்திருந்தது. முட்டை அப்படி ஆகும் என்பதே எனக்குத் தெரியாது.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். அடுப்பில் இன்னும் இறக்காமல் இருந்த வெந்நீர்ப் பானையைப் பார்த்தாள். வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. சட்டென்று கரண்டியை எடுத்து, திரிதிரியாக இருந்ததெல்லாம் மறையும்வரை அடித்தாள்.

தலைவர் ஒரே மூச்சில் குடித்தார். “என்ன கெட்டி பார்த்தீங்களா! கடை முட்டை இப்படி இருக்குமா?” என்றார்.

அவர்கள் புறப்படும்போது அஞ்சலை திரும்பச் சமையலறைக்கு வந்தாள்.

“அக்கா, நீங்களும் புள்ளக்காரி. ஒண்ணு கேக்குறேன். நாளக்கிக் காலையில எட்டு மணிக்கு, ஐயா தங்கியிருக்குற உஜோங் பாசிர் வூட்டுல கைநாட்டு வெக்கச் சொல்லியிருக்காரு. வெச்சா முப்பது குடும்பமும் இங்க. வெக்காட்டிச் சிகாமட் தோட்டத்துலேருந்து லாரி நாளன்னிக்கி வருது. அங்க வேல உண்டு, குடியிருக்க லயம் உண்டு. ஆனா லாரி ஒருக்காத்தான் வரும். எம்புள்ளைய, புள்ளைங்களப் பாத்துக்குற ஆயாக் கொட்டாயில வுட்டுட்டு வந்திருக்கேன். நீங்க சொல்லுங்க. இங்க பொழைக்கலாமா?”

என் கணவர் கதவருகே நின்றிருந்தார்.

“நல்லாத்தான் நடக்குது” என்றேன்.

“சரிக்கா” என்றாள். என் குழந்தையின் காலை ஒருமுறை பிடித்து விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மாலை குழந்தை எதற்கும் அழவில்லை. நான்தான் அதன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவரிடம் கேட்டேன்: “முப்பது குடும்பம் வந்து என்ன செய்யும்?”

“அவங்க உழைக்கிற ஜனங்க. புதுக் குஞ்சு வாங்குவோம். அவங்க கைராசிக்கு நிலைக்கும்.”

“கழிச்சல் திரும்ப வந்தா?”

“நான் தலைவரோட மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்றது? நீயே சொல்லு பார்க்கலாம். நாம மூணு பேரும் எங்கே போறது?”

மாமனார் இங்கே இருந்தால் கணவர் சொல்வதைக் கேள் என்பார். அம்மா இருந்தால் அழுவாள். நான் பள்ளி இறுதி வகுப்புவரை படித்தவள். வினாத்தாளில் இப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை.

நான்காம் நாள் அவர் தீவனம் வாங்க பாசாருக்குப் போனதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலிப்பக்கம் போனேன். “உஜோங் பாசிர்” என்றேன். லெட்சுமி என் முகத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் தெருவுக்கு ஓடி, ஒரு பெச்சாவைப் பிடித்து, ஓட்டுகிறவனிடம் விரலை நீட்டி நீட்டி ஏதோ அதட்டினாள். குழந்தைக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். அப்போது மணி ஏழு.

ஏழரைக்கு ஆற்றுப்பாலத்தில் அகப்பட்டுக்கொண்டோம். இந்த ஊர் மாட்டு வண்டிகளின் கூரை மாட்டுக் கொம்புபோல் வளைந்து நிற்கும். அப்படி இரண்டு வண்டிகள் பாலத்தின் நடுவில் ஒன்றோடொன்று கொம்பு கோத்துக்கொண்டு நின்றன. வண்டிக்காரர்கள் மாட்டை விட்டுவிட்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். பெச்சாக்காரன் இறங்கிச் சுருட்டுப் பற்ற வைத்தான். நான் தமிழில் கெஞ்சினேன். அவன் ஆற்றைக் காட்டி ஏதோ வேடிக்கை சொன்னான். ஒருவேளை நீந்திப் போகச் சொன்னானோ என்னவோ.

பாலம் தாண்டியும் விமோசனம் இல்லை. கொஞ்சதூரத்தில் வண்டியின் சங்கிலி அறுந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். திரும்பிவிடலாம் என்று மூன்று இடத்தில் நின்றேன். ஒரு தடவை நாலடி திரும்பியும் நடந்துவிட்டேன். கடல் பக்கம் போகப் போக இறால் குஞ்சு காயும் வாடை தூக்கியடித்தது. பாயில் அதைப் பரப்பிக்கொண்டிருந்த பறங்கிப் பெண்ணிடம் தலைவரின் பெயரைச் சொன்னேன். அவள் இறால் ஒட்டிய கையாலேயே வீட்டைக் காட்டினாள்.

வராந்தாவில் மேசை போட்டிருந்தது. தலைவர் நாற்காலியில் இருந்தார். தொண்டர்கள் சுற்றி நின்றார்கள். தோட்டத்து ஆண்கள் இருவரும் பின்னால் நிற்க, அஞ்சலை முதல் ஆளாக மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டிருந்தாள்.

“ஐயா!” என்றேன். குரல் மிகவும் உரக்க வந்துவிட்டது. குழந்தை வீரிட்டது.

“யாரு? நம்ம பண்ணை வீட்டு அம்மாவா? என்னம்மா, ஏன் இப்படி ஓடி வர்றே?”

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் ஒன்றும் நினைவில் இல்லை. “நேத்து நீங்க எடுத்த முட்டை இருக்கே ஐயா, அதை நான்தான் வெந்நீர்ல போட்டுச் சூடாக்கினேன்” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. “எதுக்கு?”

“நீங்க கன்னத்துல வெச்சுப் பார்ப்பீங்கன்னு.”

ஒரு தொண்டர் முன்னால் வந்தார். “இந்தாம்மா, புருஷனுக்குத் தெரியுமா நீ இங்கே வந்தது? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? பிள்ளையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போ!” தலைவர் கையைத் தூக்கினார். தொண்டர் நின்றுவிட்டார்.

“எத்தனை கோழிம்மா இருக்கு?”

“பதினொண்ணு.”

“அடை வெச்சிருக்கிற கொட்டகையில?”

“அதுல ஒண்ணும் இல்லே, ஐயா.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒவ்வொருவரும் கடலைப் பார்த்தார்கள். பிறகு அஞ்சலையிடம், “சிகாமட் லாரி எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.

“நாளக்கி வெள்ளன ஆறு மணிக்கு, ஐயா.”

“ஏறிடுங்க.”

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டார். அஞ்சலை கட்டைவிரலின் மையைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

சாலைவரை என்னோடு நடந்து வந்தாள். குழந்தையை அவள்தான் தூக்கிக்கொண்டாள்.

“முட்டைய ஒடச்சப்பவே தெரியும்க்கா எனக்கு” என்றாள். “எங்கூட வந்த ரெண்டு பேரு கிட்டயும் ராவே சொல்லிட்டேன்.”

“அப்புறம் ஏன் கைநாட்டு வெக்கப் போனே?”

“வேற என்னக்கா செய்யிறது? எங்களுக்காக ஜெயிலுக்குப் போன மனுசன். உங்க கோழி செத்துப்போச்சுய்யான்னு அவரு மொகத்தப் பாத்து நாங்க எப்புடிச் சொல்றது?”

என் கணவர் சொன்ன அதே வார்த்தைகள். நான் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். நடந்து வந்த களைப்புதான் என்று அவளிடம் சொன்னேன்.

வீட்டில் கணவருக்கு நானே சொன்னேன். நான் பிரிக்காமல் வைத்திருந்த டிரங்குப் பெட்டிக்குள் அவர் தன் வேட்டி சட்டைகளையும் மடித்து வைத்தார். பூட்டி, வாசலில் கொண்டுபோய் வைத்தார். எங்கே போகப்போகிறோம் என்று நான் கேட்கவில்லை; அவருக்கும் தெரிந்திருக்காது. லெட்சுமி வேலியோரம் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, இந்த முறை சிரிக்காமல் திரும்பிப் போனாள். நான் செய்தது சரிதானா என்று அன்றைக்கு எத்தனை முறை யோசித்திருப்பேன்! முப்பது குடும்பங்களை நினைத்தால் சரி. டிரங்குப் பெட்டியைப் பார்த்தால் தப்பு.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். லாரி இந்நேரம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். தலைவர் வந்தார். கார் இல்லை, தொண்டர்கள் இல்லை. முழங்கால்வரை வேட்டியில் புழுதி.

“திற” என்றார் என் கணவரிடம்.

மூன்று பூட்டுகளையும் கணவர் திறந்தார். தலைவர் ஒவ்வொரு கொட்டகைக்குள்ளும் போனார். செருப்புச் சத்தம் கேட்கும்படி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். வெளியே வந்து என் கணவரிடம் கேட்டார்:

“சோடாக் கம்பெனியும் இப்படித்தானா?”

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா.”

“அவங்களே வந்து குடிச்சுத் தீர்த்தாங்களாம், ஐயா.”

“எதுக்காக? நான் சந்தோஷப்படணும்னா?”

“உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு.”

அவர் மரவள்ளிச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவற்றுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதை அவர் கேட்கவில்லையே என்று நிறுத்திக்கொண்டேன். பிறகு வாசலிலிருந்த பெட்டி அவர் கண்ணில் பட்டது.

“எங்கே கிளம்பிட்டீங்க?”

“ஐயா என்ன சொல்றீங்களோ...” என்றார் என் கணவர்.

“பதினொரு கோழிக்கு ஆள் வேண்டாமா? பெட்டியை உள்ளே வை.”

முதல் கொட்டகைக்குள் குனிந்து நுழைந்தார். கோழிகள் சிதறி ஓடின. அன்று காலை நாங்கள் யாரும் அங்கே போகவே இல்லை. ஆனால் ஓரத்துப் பெட்டியில் ஒரு முட்டை இருந்தது. வெள்ளை முட்டை. அவர் அதை எடுத்தார். பழக்கத்தில் கை கன்னத்துக்குப் போனது. அப்படியே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் வைக்கலே, ஐயா” என்றேன். “அது கோழி இட்டதுதான்.”

“சூடா இருக்கே” என்றார்.

“இப்பத்தான் இட்டிருக்கும், ஐயா.”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முட்டை ஆறும்வரை அதைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.